செருப்பு தேடித்தரும் ஆப்

சென்னை வேலையை விட்டுவிட்டு, திருவண்ணாமலைக்கே திரும்பி வந்து தனியாளாக ஓர் ஆப் செய்தேன். கிரிவலம் போகிறவர்கள் செருப்பை எங்கே விட்டோம் என்று மறந்துவிடுவார்கள் இல்லையா? அந்த இடத்தைக் குறித்து வைத்து, திரும்பி வரும்போது வழிகாட்டும்.

"இந்தப் பௌர்ணமிக்கு ஒருத்தராவது நல்லாருக்குன்னு சொல்லட்டும். இல்லன்னா பழைய வேலைக்கே போயிடுங்க" என்றாள் மனைவி.

பௌர்ணமியன்று மதியம், கூட்டம் சேரும் முன்பே கோபுரத்துக்கு எதிரில் நின்று கெஞ்சினேன். கீழ்பென்னாத்தூர் அக்கா ஒருவர் மட்டும் ஆப்பைப் போட்டுக்கொண்டார். நானும் என் புதுச் செருப்பை ஓரமாக விட்டு, ஆப்பில் குறித்துவிட்டு, அவர் கூடவே மலையைச் சுற்றினேன்.

திரும்பி வந்தால் தெருவெல்லாம் தலைகள். அத்தனை போனுக்கும் டவர் தாங்குமா? மேப் வராமல் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது, கூடவே நானும். பிறந்து வளர்ந்த ஊர். பௌர்ணமிக்கு இங்கே சிக்னல் கிடைக்காது என்பது எனக்கு மட்டும் மறந்துபோச்சு.

"உங்க செருப்பாவது கிடைச்சுதாக்கா?"

அக்கா தோளில் தொங்கிய துணிப்பையைத் தட்டினார். "அது இதுலதான்பா இருக்கு. எப்பவும் கையோட எடுத்துக்கினு போயிடுவேன். நீ பாவமா கேட்டியேன்னு ஆப்ப போட்டுக்கினேன்."

வெறுங்காலோடு வீடு போனேன். மறுநாள் ஐந்து நட்சத்திரத்தோடு அக்காவின் விமர்சனம் வந்திருந்தது: "ஆப் வேலை செய்யல. செஞ்ச தம்பி நல்லவரு. அவரு செருப்புதான் இன்னும் கிடைக்கல."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, அடுத்த பௌர்ணமி வரைக்கும் பாருங்க" என்று ஒரு துணிப்பையை நீட்டினாள்.

இப்போதெல்லாம் யாரிடமாவது ஆப்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன்பு, அவர் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.