கை மட்டும் பாடுகிற வேலை

ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்குகிறேன், நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மார்மன் என்கிற எங்கள் கிறிஸ்தவ சபையில் பாட்டு நடத்துவது என் பொறுப்பு. அதில் வாயைவிடக் கைக்குத்தான் வேலை அதிகம். நாலு பேர் முன்னால் நின்றாலே உதறல் எடுக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கைதட்டல்

கல்யாணத்துக்கு முன்னால் நான் போன சபையில் டிரம்ஸ் உண்டு, கைதட்டு உண்டு. இங்கே வந்த முதல் ஞாயிறு, பாட்டு முடிந்ததும் பழக்கத்தில் தட்டிவிட்டேன். நான் ஒருத்திதான். அந்த அமைதியில் எவர்சில்வர் தட்டு விழுந்த மாதிரி கேட்டது. பக்கத்தில் இருந்த அக்கா குனிந்து சொன்னார்:

"பரவாயில்லமா. இங்க உள்ளுக்குள்ள தட்டிக்கணும்."

எந்தப் பக்கம்?

எங்கள் பிஷப் அங்கி போட்டவர் இல்லை. வாரமெல்லாம் வேலைக்குப் போகிறவர், சபையில் ஆளுக்கொரு பொறுப்பு கொடுப்பவர். போன வருஷம் என்னைப் பாட்டு நடத்தச் சொன்னார். ஆறாவதோடு நின்றவள், சத்தமாகப் பேசவே வராது என்றேன். தாளத்துக்குக் கை அசைத்தால் போதும் என்றார். கீழே, இடது, வலது, மேலே. ஜீவனஹள்ளி பஸ் ஸ்டாப்பில் நின்று பழகிக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஒன்று வந்து நின்றது. டிரைவர் என் கையையே பார்த்தார்.

"எல்லாப் பக்கமும் காட்றியேமா, எங்கதான் போவணும்?"

ரொட்டி நேரம்

எங்கள் வழிபாட்டில் ரொட்டியும் தண்ணீரும் கொடுக்கும் நேரம்தான் முக்கியம். அதற்கு முன் ஒரு பாட்டு. அது முடிந்து ஜெபம் தொடங்கும்வரை ஒரு சத்தம் இருக்காது. ஒரு நாள் அந்தப் பாட்டின்போது என் மூன்று வயது மகன், அப்பா மடியிலிருந்து இறங்கி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். எப்படியோ பாட்டை முடித்தேன். அப்போது அவன் கேட்டது கடைசி வரிசைவரை போனது:

"அம்மா, உன் கால் ஏன் ஆடுது?"

கரண்ட் போன ஞாயிறு

இனி நம்மால் ஆகாது, வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லணும் என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம், கூட்டம் முடிந்ததும் பேசணும் என்று பிஷப்பிடம் சொல்லிவைத்தேன்.

அன்றைக்கென்று கரண்ட் போனது. ஸ்டெல்லா சிஸ்டர் வாசிக்கிற கீபோர்டு ஊமையாகிவிட்டது. கையைத் தூக்கினபடி நிற்கிறேன், அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். யாராவது பாட்டை எடுத்துக்கொடுக்கணும். முன்னால் நிற்பது நான். மகனைத் தூங்கவைக்கிற அளவுக்குத்தான் குரல் வந்தது. அப்படியே பாடினேன். அவர்களும் என் குரலை மிஞ்சாமல், அவ்வளவே மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். கடைசி வரிவரை ஒருவர்கூடச் சத்தத்தைக் கூட்டவில்லை.

முடிந்தபின் ஸ்டெல்லா சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இத்தன வருஷம் கீபோர்டு சத்தத்துல என் வீட்டுக்காரர் பாடறதே கேட்டதில்ல. எவ்ளோ மோசமா பாடறாரு, பாவம்."

என்னமோ பேசணும் என்றீர்களே என்று பிஷப் வந்து கேட்டார். எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"அடுத்த வாரம் என்ன பாட்டுன்னு கேக்கத்தான் பிரதர்."

குரலே வராதவளிடம் பாட்டைக் கொடுத்தால், சபை தன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுமே தவிர அவளை விடாது என்பதுதான் நான் கண்டது. மற்றபடி இந்த வேலையில் இருக்கிற பெரிய தொல்லை என்னவென்றால் – மகன் எழுந்துவிட்டான், அம்மா அம்மா என்கிறான், மிச்சத்தை