இறங்காத வெள்ளைத் துணி

எங்கள் பெரியம்மாவுக்கு இஸ்திரிக் கடை. வாய் கொஞ்சம் அதிகம். பொத்தான் அறுந்த சட்டையைக் கொடுத்தால், ஆளை நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். போன வருடம் ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இலை உதிரும் காலத்தில் எங்கள் ஊரில் வாணவேடிக்கை நடக்கும். ஒரு காலத்தில், பனிமூட்டத்தில் கரை தெரியாமல் தவித்த படகுகளுக்கு வழிகாட்ட வாணம் விட்டார்களாம். படகுகள் திரும்பிய சந்தோஷத்தில் அது விழாவாயிற்று. பிறகு ஒரு வருடம் காற்று திசைமாறி, ஆற்றங்கரைத் தெரு முழுக்கச் சாம்பலானது. அதிலிருந்து ஒரு வழக்கம். அந்தத் தெருக்காரர் ஒருவர் வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்து நிற்பார். காற்று சரியாக இருக்கிறதென்று அவர் துணியை இறக்கினால்தான் திரியில் நெருப்பு வைக்கலாம். இதுவரை இறக்காமல் விட்டவர் யாருமில்லை. போகப்போக, துணியைத் தூக்கும்போதே கைதட்டுகிற அளவுக்கு அது வெறும் சடங்காகிவிட்டது.

போன வருடம் துணி பிடிக்கும் முறை பெரியம்மாவுக்கு. வாணம் செய்தவர் அவளுடைய மாப்பிள்ளை. சொந்தமாக அவர் நடத்தும் முதல் வேடிக்கை. சொதப்பினால் அப்புறம் யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அவர் மனைவி, பெரியம்மாவின் மகள், என் அக்காவுக்குக் காலையிலிருந்து சாப்பாடே இறங்கவில்லை.

துணியைத் தூக்கியதும் கூட்டம் வழக்கம்போலக் கைதட்டியது. துணி படபடத்து, ஒருமுறை தெருப்பக்கம் மடங்கியது. பெரியம்மா இறக்கவில்லை. விழாத் தலைவர் வந்து கெஞ்சினார். அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். கை கடுக்கக் கடுக்க நின்ற பெரியம்மா, "இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். ஊர் அவளைக் கிழி கிழியென்று கிழித்தது. அதற்குப் பிறகு காற்று தெருப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் கொடுமை.

மறுநாள் காலை மாப்பிள்ளை கடைக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. பனியில் பாதி வாணம் நமத்துவிட்டதாம்.

"நேத்து காத்து திரும்பவே இல்லையே, அத்தை" என்றார்.

பெரியம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"திரும்பலைதான். திரும்பியிருந்தா, தெருவைக் கொளுத்தினவன்னு உங்க பேரைத்தானே மாப்பிள்ளை சொல்லுவாங்க? இப்போ என்னைத்தான் திட்டறாங்க. நான் தாங்கிப்பேன்."

இப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மிச்சம் இருக்கறதே போதும், அத்தை. சாயங்காலம் வந்துடுங்க. நீங்க சொல்லாம நான் திரியைத் தொட மாட்டேன்."