துளைக்குள் மாட்டிய கையுறை

எண்ணூரில் ஒரு யார்டில் பன்னிரண்டு வருடமாகக் குழாய் பொருத்தும் ஃபிட்டர் நான். அன்று காலைதான் சுழலும் ஃபிளாஞ்சை முதன்முதலாகப் பார்த்தேன். ஃபிளாஞ்ச் என்பது குழாயின் வாயில் இருக்கும் துளை போட்ட இரும்புத் தட்டு. எதிரெதிர்த் தட்டுகளின் துளைகள் நேரானால்தான் போல்ட் நுழையும். விலகியிருந்தால் குழாயையே திருப்ப வேண்டும். கடலுக்கடியில் போடும் குழாயில் அது நடக்காது. அதனால் இதில் துளைகள் இருக்கும் வெளிவளையம் மட்டும் தனியே சுற்றும். கடலுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை பொருத்திப் பார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர்.

என் ஜோடி காத்திவாக்கத்துக்காரன். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குழாய்க்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். அவன் ஹெல்மெட் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

வளையம் இறுகிக் கிடந்தது.

"வந்துச்சா மாமு?" என்றேன்.

"இன்னும் அரை ஓட்டை கீது. தள்ளு."

இரண்டு கையாலும் தள்ளினேன். சட்டென்று இளகி ஓடியது வளையம். அவன் அலறினான்.

துளை நேராகிவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது எங்கள் பழக்கம். கூடாது என்று சொல்லித்தான் துளையில் விட்டுப் பார்க்கக் கம்பி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பழைய தட்டு எதுவும் இப்படிச் சுற்றியதில்லை.

குழாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். அவன் தரையில் உட்கார்ந்து கையை வயிற்றோடு அணைத்திருந்தான். கையுறை ஃபிளாஞ்சிலேயே தொங்கியது. அதன் ஆள்காட்டி விரல் துளைக்குள் நசுங்கியிருந்தது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசரின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நான்தானே தள்ளினேன்.

"கைய காட்டு மாமு..."

மெல்ல விரித்தான். ஐந்து விரலும் இருந்தன. ஒரு நகம் கருத்து, நுனியில் ரத்தம் கசிந்தது. அவன் அளவு தீர்ந்துபோனதால் ஸ்டோரில் பெரிய கையுறையைக் கொடுத்திருந்தார்கள். மாட்டியது பெரும்பாலும் வெறும் துணி.

"கீதுடா, கீது" என்று சிரிக்கப் பார்த்தான். பிறகு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். எக்ஸ்ரேயில் எலும்பில் சின்ன விரிசல் தெரிந்தது. மூன்று வாரம் கட்டு.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சோற்றில் கை வைக்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்ததும், "நான்தாம்மா தள்னேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே படுத்திருந்தவனைப் பார்த்துக் கேட்டாள்: "கம்பி குட்த்துகீறாங்கல்ல? நீ இன்னாத்துக்கு வெரல வுட்ட?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.