ஆய்வு நாளில் நீர் உண்டா?

நாடு முழுவதும் உள்ள ஏரி குளங்களைக் காப்பதற்கான தேசியத் திட்டம் ஒன்றுக்கு நான் தலைவியாக இருந்தேன். அந்த வருடங்களில் மந்திரிகளைப் பார்த்திருக்கிறேன், வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் பயந்ததில்லை. என்னை நடுங்க வைத்தது ஒரு நத்தை.

தாம்பரத்துக்கு மேற்கே என் தம்பி கட்டிய வீட்டின் மதிற்சுவரில், ஆவணியில் நடந்த கிரகப்பிரவேசத்தன்று காலையில் அதைப் பார்த்தேன். பெயிண்ட் வாசனை இன்னும் போகாத சுவரில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. தோட்டத்து நத்தை என்றால் தட்டிவிட்டுப் போயிருப்பேன். இது ஏரி நத்தை. கோடை முழுக்கச் சேற்றுக்குள் வாயை மூடிக்கொண்டு தூங்கும். நாலு நாள் மழை பெய்து மண் நனைந்ததும் எழுந்து வரும். அது வெளியூரிலிருந்து வந்திருக்காது. அந்த இடத்திலேயேதான் தூங்கியிருக்க வேண்டும்.

உள்ளே ஹோமப் புகை. அம்மா புதுப்புடவையில், முழங்கால் வலியையும் மறந்து, வந்தவர்களுக்கெல்லாம் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளால் மாடி ஏற முடியாது என்பதற்காகத்தான் தம்பி குரோம்பேட்டை ஃபிளாட்டை விட்டுவிட்டு இந்தத் தனி வீட்டைக் கட்டினான். கீழேயே, ஒரே படி ஏறினால் போதும் என்று தாழ்வாகத் தளம் போட்டு அவளுக்கு ஓர் அறை, ஜன்னலோரம் கட்டில். நான் நத்தையைப் பிய்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். திட்டம் தொடங்கியபோது முதல் வேலையாக நீர்நிலைகளுக்கு ஒரு பட்டியல் எடுத்தோம். பட்டியலில் இருந்தால் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு உண்டு, இல்லாவிட்டால் நாதியில்லை. கணக்கெடுப்பை எந்த மாதம் வைப்பது என்று தில்லியில் ஒரு கூட்டம். மே மாதம் என்றால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு லீவு, பாதைகளும் காய்ந்திருக்கும் என்றார்கள். பெரிய ஏரிகளில் மே மாதத்திலும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எங்கள் ஊர்ச் சின்ன ஏரிகளில் அப்போது கிரிக்கெட் ஆடுவார்கள். ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் அவை ஏரி. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். சிறு வயதில் அந்த மாதிரி ஏரிக்குள் சைக்கிள் ஓட்டிப் பழகியவள் நான். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிற்று என்று இன்று வரை தெரியவில்லை.

படிவத்தின் முதல் கேள்வியே, 'ஆய்வு நாளில் நீர் உண்டா?' என்பதுதான். 'இல்லை' என்று எழுதினால் அடுத்த பக்கத்துக்கே போக வேண்டாம். தாம்பரத்துக்கு மேற்கே இருந்த ஒரு சின்ன ஏரி அப்படித்தான் பட்டியலிலிருந்து விழுந்தது. கொஞ்ச நாளில் அங்கே கல் நட்டு மனை பிரித்தார்கள்.

தம்பி அங்கே மனை வாங்கப் போனபோது, இது ஏரி என்று யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். புரோக்கர் எங்கள் பட்டியலைக் காட்டி, இதில் இந்த இடம் இல்லையே என்றிருக்கிறார். தம்பி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினான். அடியில் என் கையெழுத்து. கூடவே, 'அக்கா, உன் லிஸ்ட்ல இது இல்ல, வாங்கிடலாமா?' என்று ஒரு வரி. விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நின்றிருந்தேன். நன்றாகப் படித்தேன் என்று சொன்னால் பொய். கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையோடு தட்டில் வைத்தேன்.

போர் போட்ட அன்றும் ஒரு வீடியோ வந்தது. "ஆறடிலயே தண்ணி கீதுண்ணா! உனக்கு மச்சம்தான். எல்லாரும் முந்நூறு அடி போட்டுட்டு லாரித் தண்ணிக்கு நின்னுகினு இருக்கான்," என்று போர்க்காரர் சிரித்தார். தம்பி அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டான். கோடைக்குக் கோடை லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த குடும்பம் எங்களுடையது. அந்த வீடியோவை அம்மா எத்தனை முறை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. ஆறடியில் ஏன் தண்ணீர் வருகிறது என்று கேட்க வேண்டியது என் பிழைப்பு. நானும் சந்தோஷம்தான் பட்டேன்.

நத்தைக்கு அப்புறம் தூக்கம் கெட்டது. தில்லிக்குத் திரும்பியதும் தமிழ்நாட்டில் மட்டும் கார்த்திகையில் மறுகணக்கெடுப்பு என்று உத்தரவு போட்டேன். "அச்சிட்டு வெளியிட்டாச்சே, மேடம்," என்று முனகினார்கள். யார் தப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. தம்பியிடம் சொல்லவோ இன்னும் பயமாக இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வேன், அம்மா பேசுவாள். பின்பக்கம் கோரை முளைத்திருக்கிறது, பிடுங்கப் பிடுங்க வருகிறது என்பாள். கறுப்பாக ஒரு கோழி, நெற்றியில் சிவப்பு, பக்கத்து மனையில் குஞ்சுகளோடு நடக்கிறது, யார் வீட்டுக் கோழியோ என்பாள். அது நீர்க்கோழி. "நல்லா இருக்கும்மா," என்று சொல்லி வைத்துவிடுவேன்.

எங்கள் பகுதிக்கு வேறு யாரையும் அனுப்ப மனசு வரவில்லை. கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள், இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்த காலையில், படிவத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு நானே போனேன். மெயின் ரோட்டோடு ஆட்டோ நின்றுவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். தெருவில் ஓட்டமில்லாத தண்ணீர், கலங்கல்கூட இல்லை. வீட்டு வாசலில் நாலு படி; மூன்று தெரிந்தது.

தம்பி படியில் நின்றிருந்தான். என் கையில் இருந்த ஏரிக் கணக்கெடுப்புப் படிவத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதத்தை, கூட்டத்தை, கட்டைவிரலை, நத்தையை. கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"இப்ப இதை ஏரின்னு எழுதினா என்ன ஆகும்?"

"பட்டியல்ல வரும். அப்புறம் இங்க இருக்கிற வீடெல்லாம் ஆக்கிரமிப்பு."

"நம்ம வீடும்."

"நம்ம வீடும்தான்டா."

"எழுதாதே அக்கா. ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். மூணடி தூக்கித்தான் கட்டியிருக்கேன். ஆவணியிலயே தெரிஞ்சிருக்கு, அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

நான் எழுதாவிட்டால் பக்கத்தில் மிச்சமிருக்கும் மனைகளிலும் வீடு எழும்பும். யாராவது ஒருத்தர் தன் அம்மாவைக் கீழ் அறையில் படுக்க வைப்பார். எழுதினால் என் அம்மாவுக்கு இந்த வீடு இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன்; தாழ்ந்த அறையில் அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுத் தரையில், டைல்ஸ் இடுக்கிலிருந்து நீர் கசிந்து அவள் செருப்பு வரை வந்திருந்தது. வாசலில் இன்னும் மூன்று படி பாக்கி; தண்ணீரோ அதற்குள் அடியிலிருந்து உள்ளே வந்துவிட்டது. தம்பியும் அதை அப்போதுதான் பார்த்தான்.

முதல் கேள்விக்கு 'உண்டு' என்று எழுதினேன். அடுத்த பக்கத்தில் முதல் கட்டம், ஆழம். அளக்க ஏதாவது வேண்டும். அம்மாவின் கைத்தடியை எடுத்துக்கொண்டு படி இறங்கப் போனேன்.

தம்பி அதை என் கையிலிருந்து பிடுங்கினான். உடைத்துப் போடப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். மதிலைத் தாண்டிப் பக்கத்து மனையின் நடுவுக்குப் போய்த் தடியை ஊன்றினான். கைப்பிடி மட்டும்தான் வெளியே தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

"மூணடி," என்றான். "எழுதிக்கோ."

எழுதினேன். அவன் திரும்பி வந்து ஏறும்போது வாசலில் இரண்டு படிதான் இருந்தது. தூறல் மறுபடி வலுத்தது. "அம்மாவைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி வை, நான் தூக்கிக்கிறேன்," என்றான்.