விரதத்தில் குறையில்லை, ஈறில்தான் நோய்

அடியார்களே, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். முருகனிடமே கோபத்தை மறைக்காதவன், உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

மலேசியாவில், புலாவ் செபாங் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். வயது நாற்பத்தாறு. சர்க்கரை வியாதி உண்டு. என் மனைவி மலர் பெரிய ஆபரேஷனில் பிழைத்து வந்தபோது, ஐந்து வருஷம் மாசி மகத்துக்கு வாயில் அலகு குத்துவதாக வேண்டிக்கொண்டேன். இரண்டு வருஷம் நல்லபடியாகப் போனது. மூன்றாம் வருஷம் அலகை எடுத்த பிறகும் வாயில் ரத்தம் நிற்கவில்லை. பல் துலக்கினால் ரத்தம். ரொட்டி கடித்தால் ரத்தம்.

எங்கள் காவடிக் குழுத் தலைவர் ராமையா அண்ணனிடம் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு அலகு குத்திவிடுபவர் அவர்தான்.

"முருகன் அலகுல ரத்தம் வராதுடா. வந்துச்சுன்னா விரதத்துல குறை. எங்கயோ வாயக் கட்டாம விட்டுட்ட" என்றார்.

நம்பினேன். யோசித்து யோசித்து ஒரு குற்றத்தையும் கண்டுபிடித்தேன். விரத நாளில், ஒர்க்‌ஷாப்பில் யாரோ நீட்டிய கேக்கில் ஒரு துண்டு தின்றிருந்தேன். அதில் முட்டை இருந்திருக்கும். போதாதா?

அடுத்த வருஷம் ஒரே வேளைச் சாப்பாடு. ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷை விட்டுவிட்டு விபூதியால் ஈறைத் தேய்த்தேன். பல் ஆட ஆரம்பித்தது. வாய் நாற்றத்தில் மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் மயக்கத்தில் லாரியைப் பள்ளத்தில் விடப் பார்த்தேன். அந்த மாசி மகத்தில் ரத்தம் தாடை வரை வழிந்தது. ஊரே பார்த்தது. அவமானம் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் முருகனிடம் சண்டை போட்டேன். "ஒரு துண்டு கேக்குக்கு இத்தனை தண்டனையா? உனக்குக் கண்ணில்லையா? இந்த ரத்தம் ஏன் வருதுன்னு யார் மூலமாவது சொல்லு. இல்லன்னா உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்." அழுதேன். அர்ச்சனைத் தட்டைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சர்க்கரை மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்குப் போனேன். என் டிஷ்யூவில் இருந்த ரத்தத்தை நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"எத்தன நாளாண்ணே இப்படி?"

"ஒன்றரை வருஷமா."

"டாக்டர்கிட்ட சொல்லவே இல்லையா?"

"இது சாமி விஷயம்மா."

முறைத்தாள். "சாமி விஷயம்லாம் இல்லண்ணே. சர்க்கரை இருந்தா ஈறு சீக்கிரம் கெட்டுப்போகும். ஐசி, அடையாளக் கார்டு இருக்கா? மேல பல் கிளினிக் இருக்கு, ஏறுங்க."

"பல்லுக்கெல்லாம் பிரைவேட்தானே? நம்மால முடியாதும்மா."

"யார் சொன்னா? கவர்மெண்ட் பாத்துக்கும். போங்கலா."

ஒன்றரை வருஷம் மாத்திரைக்காக அந்தக் கட்டடத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறேன். மேலே பல் டாக்டர். வேலை செய்து வரி கட்டும் நமக்காக நடக்கும் கிளினிக்கு நாமே போவதில்லை. போகச் சொல்ல ஒரு வாயும் இல்லை. விரதக் குறை சொல்ல மட்டும் ஆயிரம் வாய்.

பல் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். ஈறுக்கு அடியில் கல்லாக இறுகிக் கிடந்த அழுக்கைப் பல தடவை வரச்சொல்லி எடுத்தார். இரண்டு பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. முன்பே வந்திருந்தால் பிடுங்க வேண்டி வந்திருக்காது என்றார். மற்றவை ஆடாமல் நின்றுவிட்டன. ரத்தம் நின்றது. சர்க்கரையும் இறங்கியது. மலர் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். கேட்டது மூன்றாம் நாளே கிடைத்தது. முருகா, உன்னைத் திட்டிய வாயைத்தான் நீ காப்பாற்றினாய்.

ஈறு ஆறும்வரை அலகு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், ஐந்தாம் வருஷம் பால்குடம் எடுத்தேன். ராமையா அண்ணன் விடவில்லை. "நேந்துக்கிட்டத மாத்தலாமா? நம்பிக்கை இல்லயாடா?"

வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினேன். "இந்த ரெண்டு பல்லும் உங்க பேச்சக் கேட்டுப் போச்சுண்ணே."

அவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். அதில் ரத்தம்.

"எத்தன நாளாண்ணே?"

"ஏழெட்டு வருஷம்டா" என்றார், தரையைப் பார்த்தபடி. "என் விரதத்துலதான் குறைன்னு நெனச்சேன். யார்கிட்ட சொல்றது?"

அடியார்களே, வேண்டுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவன் ஆள் அனுப்புவான். அனுப்பிய ஆள் "மேலே ஏறு" என்றால் ஏறுங்கள். அடுத்தவன் வாயில் ரத்தத்தைப் பார்த்தால் அவன் பாவத்தைத் தேடாதீர்கள்.

ராமையா அண்ணனை அடுத்த திங்கட்கிழமை காலையில் நானே கிளினிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் போனேன்.