வெள்ளிப் பெயிண்ட் அடித்த செல்ஃப் மோட்டார்

கோவில்பட்டியில் லிங்கராஜ் முதலாளியின் தீப்பெட்டிக் கம்பெனியில் டிரைவராக இருந்த கொம்பையாவுக்கு உலகத்தில் இரண்டே பேரிடம்தான் பயம். ஒருவர் முதலாளி, இன்னொருத்தி பெண்டாட்டி மாடத்தி. முதலாளியாவது வைவார், வைததை மத்தியானத்துக்குள் மறந்தும் போவார். மாடத்தி வையவே மாட்டாள். எண்பத்தேழில் நடந்த ஒன்றைச் சிரித்த முகத்தோடு எடுத்துப் போடுவாள், அவ்வளவுதான். கொம்பையாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நடந்தது இதுதான். அப்போது இருவரும் கழுகுமலை ரோட்டில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தார்கள். முதலாளியை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு, அவர் சொன்னபடியே டீசல் அம்பாசடரை வீட்டுக்கு ஓட்டி வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார் கொம்பையா. வண்டி வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மறுநாள் விடியற்காலையில் மாடத்திக்கு வலி கண்டுவிட்டது. வாசலில் வண்டி, இடுப்பில் சாவி. மனுஷன் என்ன செய்தார்? "மொதலாளி வண்டி, கேக்காம எடுக்கப்பிடாது" என்று சொல்லி, பெண்டாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் பஸ் ஸ்டாப்பில் நின்றார். நேர்மைக்கும் ஓர் அளவு வேண்டாமா? பிள்ளை பஸ்ஸிலேயே பிறந்தது. கூட வந்த பெண்கள் சேலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் ரூட்டை விட்டுவிட்டு நேராகக் கோவில்பட்டி பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றது.

ஊர் திரும்பிய முதலாளி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே கூமுட்ட, வண்டி எதுக்குல இருக்கு? எடுத்துட்டுப் போகவேண்டியதுதானல" என்றார். எடுத்தால் வைவார் என்று பயந்து எடுக்காமல் இருந்தவருக்கு, எடுக்காததற்கும் ஏச்சு. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை முதலாளியே சொல்லியும் மாடத்தி அந்த வண்டியில் ஏறவில்லை. கொம்பையா கூப்பிட்டால் பதில் ரெடியாக இருக்கும். "அது மொதலாளி வண்டில்லா. கேக்காம ஏறப்பிடாது."

பஸ்ஸில் பிறந்த விஜி வளர்ந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். குடும்பமும் கோவில்பட்டிக்கே குடிவந்து வருஷம் பல ஆயிற்று. மாடத்தி மட்டும் ஏறுகிற வழியாக இல்லை.

இரண்டாயிரத்தொன்றாம் வருஷம், ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, முதலாளி கொம்பையாவைக் கூப்பிட்டார்.

"விஜயதசமிக்குப் புது வண்டி வருது. ராகுகாலத்துக்கு முன்னாடி ஷெட்டுல ஏத்திரணும். அதுக்குள்ள பழசு வெளிய போயிரணும். நல்லநாளும் அதுவுமா நம்ம வாசல்ல வண்டியத் தள்ளப்பிடாது, கம்பெனிக்கு ஆகாது. தன்னால எடுத்து ஓட்டிட்டுப் போனேன்னா வண்டி உனக்கே. எடுக்கலேன்னா ஓரமாக் கெடக்கட்டும். மறுநா பழைய இரும்புக் கடக்காரன் வந்து லாரியில தூக்கிப் போட்டுக்கிடுவான்."

கொம்பையாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. வண்டி அவருடையதானால் மாடத்தி யாரைக் கேட்க வேண்டும்? ஒருத்தரையும் கேட்க வேண்டாம். அன்று வீட்டுக்குப் போய் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லிவிட்டு நடக்காமல் போனால் அதற்கும் சேர்த்துச் சிரிப்பாளே.

சிக்கல் என்னவென்றால், அந்த வண்டி தன்னால் கிளம்பி ஒரு வருஷமாகியிருந்தது. இஞ்சின் கல்லு மாதிரி. சாவியைத் திருப்பினால் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடுகிற செல்ஃப் மோட்டார்தான் செத்துப் போயிருந்தது. தினம் காலையில் பெட்டி அடுக்குகிற பத்திரகாளி தலைமையில் நாலு பெண்கள் பின்னால் நின்று தள்ள வேண்டும். கரிசல் பூமியில் வண்டியை உருட்டிவிட மேடு பள்ளமா இருக்கிறது? "ஏண்ணே, ராத்திரி வண்டிக்கு என்ன போட்டீங்க, இந்தக் கனம் கனக்கு?" என்பாள் பத்திரகாளி.

சாத்தூர்ப் பக்கம் லாரியில் மோதி நசுங்கிக் கிடந்த ஓர் அம்பாசடரில் செல்ஃப் நல்லபடியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, கொம்பையா அதை வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பழையதைக் கழற்ற உட்கார்ந்தார். சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை வைத்தார். முதலில் பாட்டரியின் மைனஸ் வயரை எடுத்துவிட்டார். அதை எடுக்காமல் ஸ்பேனரை உள்ளே விட்டுத் தீப்பொறி பறந்து கை வெந்தவர்களை அவருக்குத் தெரியும். அப்புறம் கீழே நுழைந்து மல்லாந்து படுத்து, செல்ஃபுக்கு வருகிற தடித்த வயரையும் சாவியிலிருந்து வருகிற மெல்லிய வயரையும் கழற்றினார். கீழ் போல்ட் சொன்னபடி வந்தது. மேல் போல்ட் மட்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பதினைந்து வருஷத் துருவோடு உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார், கெஞ்சினார், அதன் வம்சத்தை எல்லாம் இழுத்து வைதார். கடைசியில் அது 'கிர்க்' என்று விட்டுக்கொடுத்தபோது, செல்ஃப் மொத்தமாக இறங்கி நெஞ்சில் உட்கார்ந்தது. பால் குடிக்கிற பிள்ளை கனம் இருக்கும்.

சாத்தூரிலிருந்து வந்த செல்ஃபைத் தரையில் வைத்து, பாட்டரியின் பிளஸ்ஸை அதன் முனையிலும் மைனஸை அதன் உடம்பிலும் பிடித்துப் பார்த்தார். துள்ளிக்கொண்டு சுற்றியது. அப்படியே மாட்டியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்கிற கதையாக, அங்கேதான் நம் ஆள் ஒரு காரியம் செய்தார். விபத்துப் பட்ட வண்டியின் சாமான், பூஜை பார்க்காமல் நம் வண்டியில் ஏறக் கூடாது என்று நினைத்தார். பூஜைக்கு வைப்பதென்றால் அழுக்கும் துருவுமாக வைக்கலாமா? தேய்த்துக் கழுவி, வெள்ளிப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். உள்பக்கம் வெளிப்பக்கம் என்று பாராமல் அடித்தார். செல்ஃபின் மூக்கைச் சுற்றி இஞ்சினோடு பதிகிற முகத்துக்கு அடித்தார், போல்ட்டுக்கு அடித்தார். மனசு கேட்காமல், செல்ஃப் போய் உட்கார வேண்டிய இடத்துக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்தார்.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. ஸ்பேனர்கள், ஜாக்கி, சுத்தியல் நடுவில் செல்ஃப் மோட்டார் சந்தனமும் குங்குமமுமாக மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை விஜயதசமி காலை ஏழு மணிக்கு மறுபூஜை முடிந்து, கொம்பையா திருநீறு பூசிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். எட்டரைக்கெல்லாம் மாட்டிவிட்டார். பத்தரைக்கு ராகுகாலம். புது வண்டி மாலையோடு வாசலில் வந்து நின்றது. பொரிகடலை வாங்க வந்த பெண்கள் கூடி நின்றார்கள்.

ஏறி உட்கார்ந்து, டீசல் இஞ்சின் சூடேற ஹீட்டர் போட்டு, முப்பது எண்ணி, சாவியைத் திருப்பினார். ஒரு சத்தம் இல்லை. ஹாரன் அடித்துப் பார்த்தார், தெருவே திரும்பிப் பார்த்தது. பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி திருப்பினார். கிணற்றில் போட்ட கல்.

"வயரு விட்டிருக்கும்" என்று இறங்கினார். இரண்டு வயரையும் கழற்றி மாட்டினார். முறுக்கினார். திருப்பினார். ஊஹும். மணி ஒன்பதரை.

"யாரும் பாக்காம ஒரு தள்ளு தள்ளிருவோமா மொதலாளி?" என்று பத்திரகாளி மெல்லக் கேட்டாள்.

"சாமி பாக்கும்ட்டி" என்றார் முதலாளி. அவருக்கும் மனசில்லைதான். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொம்பையா, போதும். விட்டுரு. பாவம், அதுக்கும் வயசாயிருச்சுல்லா."

கொம்பையா மறுபடி அடியில் போய் மல்லாந்து படுத்தார். அழுகை வந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் அழுதால் யாருக்குத் தெரியும்? தரையில் சுற்றினாயே, இங்கே என்ன கேடு உனக்கு என்று அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தரையில் என்ன இருந்தது, இங்கே என்ன இல்லை? தரையில் மைனஸ் வயரைக் கையாலேயே அதன் உடம்பில் பிடித்தோம். இங்கே யார் பிடிக்கிறார்கள்? யாரும் பிடிக்க வேண்டாம், செல்ஃப் இஞ்சினோடு இரும்புக்கு இரும்பாக உட்கார்ந்தால் மைனஸ் தானாக வந்துவிடும். இரும்புக்கு இரும்பாக என்று நினைத்த மாத்திரத்தில் கொம்பையாவுக்கு வியர்த்துவிட்டது. இரண்டு இரும்புக்கும் நடுவில் இவர் அடித்த வெள்ளிப் பெயிண்ட் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.

"கத்தியும் உப்புத்தாளும் கொண்டாங்க" என்று அடியிலிருந்து ஒரு கத்து கத்தினார். மைனஸைப் பிடுங்கி, செல்ஃபை மறுபடி இறக்கி, சந்தனம், குங்குமம், பெயிண்ட் எல்லாவற்றையும் கலந்து சுரண்டினார். அது பதிகிற இடத்தையும் போல்ட்டையும் பச்சை இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். "பொட்டு வச்ச கையாலயே அழிக்கியே" என்றார் முதலாளி. சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

பத்து இருபதுக்குச் சாவியைத் திருப்பினார். ஒரே இழுப்பு. அம்பாசடர் ஷெட் அதிர உறுமி, கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். "போ, எடுத்துட்டுப் போயிரு, மணியாவுது" என்று முதலாளி இரண்டு கையாலும் விரட்டினார்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது மாடத்தி வீட்டுக்குள் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கைப்பசையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"நம்ம வண்டிட்டி" என்றார் கொம்பையா. உடம்பெல்லாம் ஆயிலும் வெள்ளிப் பெயிண்டுமாக இருந்தார். "மொதலாளி குடுத்துட்டாரு. யாரையும் கேக்கண்டாம்."

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் நல்ல சேலை கட்டி வந்தாள். அவர் முன்கதவைத் திறந்தார். அவள் பின்கதவைத் திறந்து, முதலாளியம்மா உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க போவோம்? கழுகுமல கோயிலுக்கா?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"ஏன், மேலுக்கு முடியலையா?"

"மேலுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. போங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைக்கப் பயம். "அணைங்க, சத்தமா இருக்கு" என்றாள். அணைத்தார். அவள் ஜன்னல் வழியாக அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி ஏதோ வரப்போகிறது என்று கொம்பையா தலையைக் குனிந்து காத்திருந்தார்.

"அன்னைக்கு எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள் மாடத்தி. "செத்துருவேன்னே நெனச்சேன். பஸ்ஸு ஜன்னல் வழியா, வீட்டு வேப்பமரத்தடியில நம்ம வண்டி நிக்கத பாத்துக்கிட்டே போனேன்."

பதினான்கு வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. "தப்புத்தான்ட்டி" என்றார் கொம்பையா, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே.

மாடத்தி மூக்கை முந்தானையில் துடைத்தாள். பின்கதவைத் திறந்து இறங்கினாள். சுற்றி வந்து முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

"சரி, எடுங்க" என்றாள். "விஜி கோயிலுக்குப் போயிட்டு வந்து வீட்டுல தனியா இருப்பா. அவளையும் ஏத்திக்கிடுவோம்."