விசிலுக்கு நின்ற டிராம்

கண்டக்டர் வேலை என்பது ஐம்பது பேருக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஆயுசு பூராவும் தான் நின்றுகொண்டே போவது. செஞ்சி–பனமலை தடத்தில் முப்பது வருஷம் நான் அப்படித்தான் நின்றேன். படியில் தொங்கியவர்களே, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவர்களே, அடுத்தவர் முழங்கை விலாவில் குத்தக் குத்த ஊர் போய்ச் சேர்ந்தவர்களே, கிட்ட வந்து உட்காருங்கள். இது உங்களுக்குத்தான்.

என் மகள் ஸ்டெல்லாவைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் பிரான்சு குடியுரிமைக்காரர்கள். அவளும் அங்கே போனாள். டிராம் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். எட்டாவதோடு நின்ற கண்டக்டரின் மகள், நாலு பஸ் நீளத்துக்கு ஒரு வண்டி ஓட்டப்போகிறாள்! எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? விசா வாங்கி, சட்டைப் பையில் என் பழைய விசிலையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் என் பல்செட் கழன்று விழும், அதை விட்டுவிடுவோம்.

கம்பியைக் காணோம்

போன மறுநாளே என்னை டிராமில் ஏற்றினாள். ஏற்றினாள் என்றா சொன்னேன்? ஏறுவதற்குப் படியே இல்லை! பிளாட்பாரமும் வண்டித் தரையும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் யார் தயவும் இல்லாமல் சர்ரென்று உள்ளே வந்தார். பனமலையில் எத்தனை பேரைக் கூடையோடு கைகொடுத்துத் தூக்கியிருப்பேன், என் தோள்பட்டைக்குத்தான் தெரியும்.

மேலே கரண்டு கம்பி கூடவே வந்தது. பெரிய மாதா கோயில் சதுக்கம் வந்ததும் அண்ணாந்து பார்த்தால் கம்பியே இல்லை. "ஸ்டெல்லா, கம்பி அறுந்துபோச்சு! வண்டி நிக்கப்போவுது!" என்று எழுந்துவிட்டேன். "உட்காரு நைனா. கோயில் அழகு கெடக் கூடாதுன்னு இங்க கம்பியே போடல. மேல பேட்டரி இருக்குது, அதுல போவுது" என்றாள். அந்தக் காலத்தில் கார்தான் நாகரிகம் என்று டிராமைப் பிடுங்கிப்போட்ட ஊர்கள், இப்போது ஒன்றைப் பார்த்து ஒன்று திரும்பப் போடுகின்றனவாம். பக்கத்து சீட்டுக் கிழவி என் கூச்சலைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள். ஸ்டெல்லா அதைத் தமிழில் மாற்றிச் சொன்னாள்: "என் கல்யாணத்தப்ப பிடுங்கினாங்க, என் பேத்தி கல்யாணத்தப்ப திரும்பப் போட்டாங்க, நடுவுல அத்தனை வருஷமும் கார்ல உட்கார்ந்து ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துட்டிருந்தோம்."

ஸ்டாஃப்

இன்னொரு நாள் தனியாகவே ஏறினேன். கண்டக்டர் வருவார், நம்ம தொழில்காரர், கை கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். மூன்று ஸ்டாப் போயிற்று, ஆளைக் காணோம். பின்னால் கூட்டம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது ஒவ்வொரு கதவிலும் ஒரு சீருடைக்காரர் ஏறினார். எனக்கா தெரியாது? செக்கிங்! எந்த தேசமானாலும் செக்கிங் இன்ஸ்பெக்டர் முகம் ஒரே முகம்தான்.

பக்கத்தில் வந்தார். பஸ்காரருக்கு டிக்கெட் கிடையாது என்ற நம்மூர்ப் பழக்கத்தில் தலையை ஓர் ஆட்டு ஆட்டி, "ஸ்டாஃப்" என்றேன். முழித்தார். "ஸ்டாஃப், சார்!" என்று பையிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினேன். மனுஷன் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அங்கே கண்டக்டரே கிடையாது, ஸ்டாப்பில் இருக்கும் மிஷினில் நாமே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அபராதம் போடாமல் விட்டார். ஆனால் அவர் சொன்னதை அவள் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட சொல்லும்மா, இந்த வண்டி டிரைவரே லீவு நாள்ல கார்டு இல்லாம ஏறினா நாங்க விடமாட்டோம்."

நல்ல மகள், மோசமான டிரைவர்

அதற்கு அடுத்த வாரம் ஸ்டெல்லாவுக்குப் பரீட்சை. தண்டவாளம் முழுக்கப் புல் வளர்த்திருக்கிறார்கள். பச்சைப் பாய் மேல் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. சத்தமே கிடையாது. வண்டி வருவது தெரிந்து சிக்னல் தானே பச்சை காட்டுகிறது. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் என் பெண் ஃபெயில்! இரண்டே குற்றம். ஒன்று, செஞ்சி பஸ்ஸில் வளர்ந்தவளாச்சே, ஹாரன் மாதிரி ஓயாமல் மணி அடித்திருக்கிறாள். இரண்டு, கதவை மூடிய பிறகு ஓடி வந்த ஓர் அம்மாளுக்காகத் திரும்பத் திறந்திருக்கிறாள்.

"ஓடி வர்றவங்களை எப்படி நைனா விட்டுட்டுப் போறது? நீ விடுவியா?" என்று அழுதாள். நான் விட்டதும் உண்டு, நின்றதும் உண்டு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பரீட்சை; அதிலும் போனால் வேலை கிடையாது. பரீட்சை வைத்த நரைமுடிக்காரம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாராம்: "நீ ஒருத்தருக்காக நின்னா முன்னால நாலு ஸ்டாப்புல நிக்கிறவங்க காயறாங்க. ஆறு நிமிஷத்துல அடுத்த வண்டி வந்துடும்னு நம்பித்தான் இந்த ஊர்க்காரங்க காரை வீட்டுல விட்டிருக்காங்க. அந்த நம்பிக்கையில கை வைக்காதே."

ஒற்றை விசில்

இரண்டாவது பரீட்சை. "நீ வண்டியில இருந்தா உன் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன், வராதே" என்றுவிட்டாள். சரி என்று, மார்க்கெட் பக்கத்து வளைவில் போய் நின்றுகொண்டேன். வளைவின் இந்தப் பக்கம் ஒருவன், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, தண்டவாளப் புல்லில் குனிந்து நாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பக்கம் செடிவேலிக்கு மேலே டிராமின் தலை தெரிகிறது. உள்ளே என் மகள், பக்கத்தில் நரைமுடிக்காரம்மா. அவளுக்கு இவன் தெரிய மாட்டான். மணி அடிக்காதே என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான் யோசிக்கவேயில்லை. கை தானாகப் பைக்குள் போயிற்று. நீளமாக ஒரே ஒரு விசில்! ஒரு விசிலுக்கு நிற்கணும், ரெண்டு விசிலுக்குப் போகணும் என்பது என் மகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். வெயிலுக்கு ஜன்னல் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தது நல்லதாயிற்று. வண்டி நின்றது. வளைந்து வந்து பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! நாய்க்காரன் நிமிர்ந்து பார்த்து வெளுத்துப்போனான்.

"கண்ணுக்கு எதுவும் தெரியறதுக்கு முன்னால ஏன் பிரேக் போட்டே?" என்று கேட்டாராம் அந்தம்மா. இவள், "என் கண்டக்டர் விசில் அடிச்சாரு" என்றாளாம். அந்தம்மா என்னை ஜன்னல் வழியாக ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே சொன்னாராம்: "பாஸ். ஆனா நாளையிலேருந்து உனக்குக் கண்டக்டர் கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோ."

முதல் வண்டி

மறுநாள் காலையில் ஸ்டெல்லா முதல் தடவையாகத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்டாப்பில் நின்றேன். கதவு திறந்தது. ஒரு காலை உள்ளே வைத்து, தேசத்துக்கே கேட்கட்டும் என்று, "ஸ்டாஃப்!" என்றேன். மைக்கில் தமிழ் கேட்டது: "நைனா, டிக்கெட் எடுத்தியா?"

இறங்கி மிஷினிடம் ஓடினேன். எந்தப் பொத்தான் என்று தடவி, ஒரு வழியாகச் சீட்டைக் கிழித்துக்கொண்டு, "ஏய், நில்லு, வந்துட்டேன்!" என்று திரும்பி ஓடி வருகிறேன்: முப்பது வருஷம் எத்தனையோ பேரை ஸ்டாப்பில் விட்டுவிட்டுப் போன இந்தக் கண்டக்டரைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரெண்டே ரெண்டு மணி அடித்து, சொன்ன நிமிஷத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள் அந்தக் கெட்டிக்காரி.